கபாலா கற்க எந்தப் புஸ்தகம்?

கபாலா என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கபாலமும் சுடுகாடும்தான் ஞாபகம் வரும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஹீப்ரு மொழியில் 'பெற்றுக்கொண்டது' என்று அதற்கு அர்த்தம். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு வழிவழியாக வந்தது என்று விரித்துக்கொள்ளலாம். யூதர்களின் மறைஞானத்துக்கு அதுதான் பெயர். காதால் பெற வேண்டியது என்று பெயரிலேயே சொல்லிவிட்ட ஒன்றைக் கற்க எந்தப் புஸ்தகம் வாங்கலாம் என்று கேட்பது சற்று விசித்திரமான கேள்வி. ஆனால் கேட்கிறார்கள். நாவல் படிக்கிறவர்களே கேட்கிறார்கள். கவி யேட்ஸைப் படித்துவிட்டோ, ஏதோ ஒரு இங்கிலீஷ் நாவலில் மந்திர வட்டத்தையும் கத்தியையும் தூபத்தையும் பார்த்துவிட்டோ, 'இதெல்லாம் நிஜமாக எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது?' என்று விசாரிக்கிறார்கள்.

நான் மாந்திரீகன் அல்ல. ஹீப்ரு பண்டிதனும் அல்ல. கதை எழுதுகிறவன். ஒரு புஸ்தகம் தன்னைப் பற்றி உண்மை சொல்கிறதா, பொய் சொல்கிறதா, சொல்கிற பொய் எந்த ரகத்தைச் சேர்ந்தது என்று கண்டுகொள்வது கதை எழுதுகிறவனின் தொழிலில் ஒரு பகுதி. அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பார்க்கிறேன். இந்தத் துறையில் அது எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பயன்படுகிறது.

இங்கிலீஷில் இந்த வார்த்தையை மூன்று விதமாக எழுதுகிறார்கள். 'கே' எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் யூத மரபைப் பற்றிய புஸ்தகம். 'சி'யில் தொடங்கினால் மறுமலர்ச்சிக் காலத்துக் கிறிஸ்தவப் பண்டிதர்கள் அதை எடுத்துக் கையாண்ட வகை. இத்தாலியில் பீக்கோ தெல்லா மிராந்தோலா 1486-இல் வெளியிட்ட தொள்ளாயிரம் கருத்துரைகளிலேயே அது இருக்கிறது. 'கியூ'வில் தொடங்கினால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் உருவான மாந்திரீக முறை. இது கறாரான விதி அல்ல. ஆனாலும் அட்டையைப் பார்த்ததுமே குலம் கோத்திரம் ஓரளவு தெரிந்துவிடும். தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே 'க' ஆகிவிடுகின்றன. ஆகவே நம் வாசகர் இன்னும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

விஷயத்தின் எலும்புக்கூடு சிக்கலானதல்ல. எல்லையற்ற ஒன்று இருக்கிறது; அதை அறிய முடியாது. அது பத்து நிலைகளாக வெளிப்பட்டு, இந்த உலகம் வரை இறங்கி வருகிறது. அந்த நிலைகளுக்கு ஸெஃபிரோத் என்று பெயர். அவற்றை ஒரு மரம்போல வரைந்து காட்டுவார்கள். ஹீப்ரு எழுத்துக்கள் இருபத்திரண்டு. பத்தும் இருபத்திரண்டும் சேர்ந்து முப்பத்திரண்டு பாதைகள். ஸேஃபெர் யெட்ஸிரா என்கிற, சில பக்கங்களே உள்ள பழைய நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. பிற்பாடு வந்த புஸ்தகங்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கணக்கின்மீது கட்டியவைதான்.

அவற்றில் பெரியது ஸோஹார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில், காஸ்டீல் பிரதேசத்தில், அராமிக் மொழியில் இது வெளிவந்தது. வெளியிட்டவர் மோசே தெ லியோன். தான் எழுதியதாக அவர் சொல்லவில்லை. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் பாலஸ்தீனத்தில் வாழ்ந்த ஷிமோன் பார் யோஹாய் என்ற ரிஷியின் வாக்கு, பழைய சுவடி தன்னிடம் இருக்கிறது, அதிலிருந்து பிரதி எடுத்துத் தருகிறேன் என்று சொன்னார்.

இதை விசாரித்தறிய ஆக்கர் நகரத்து ஐஸக் என்ற பண்டிதர் 1305-இல் ஸ்பெயினுக்கு வந்து மோசேயைச் சந்தித்தார். மூலச்சுவடி ஆவிலா நகரத்தில் என் வீட்டில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்று சத்தியம் செய்தார் மோசே. வீடு போய்ச் சேருமுன் வழியிலேயே இறந்துவிட்டார். பிற்பாடு ஒரு பணக்காரர் மோசேயின் மனைவிக்குச் சொல்லியனுப்பினார்: அந்த மூலச்சுவடியைக் கொடுத்தால் உன் மகளை என் மகனுக்குக் கட்டிக்கொள்கிறேன். அப்படி ஒரு சுவடியே கிடையாது, எல்லாம் அவர் தம் தலையிலிருந்து எழுதியதுதான் என்றாளாம் அந்த விதவை. ஏன் உங்கள் பெயரிலேயே எழுதக் கூடாது என்று அவள் கேட்டிருக்கிறாள். என் சொந்தச் சரக்கு என்றால் எவன் காசு கொடுப்பான் என்று சொன்னாராம் மோசே. ஐஸக் கேள்விப்பட்டு எழுதிவைத்ததாக இந்த விவரம் பிற்காலத்து வரலாற்று நூல் ஒன்றில் இருக்கிறது. எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகத் தன் பெயரை மறைத்துக்கொண்ட ஒரு பெரிய எழுத்தாளனும், கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டும் பொய் சொல்லாத அவன் மனைவியும்தான் எனக்குத் தெரிகிறார்கள்.

இதோடு இன்னொரு கதையையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1888-இல் லண்டனில் 'கோல்டன் டான்' என்ற ரகசிய சங்கம் தொடங்கியது. ஆரம்பித்தவர்கள் மூவர்: வெஸ்ட்காட், மேதர்ஸ், உட்மன். இதில் வெஸ்ட்காட் மரண விசாரணை அதிகாரி உத்தியோகம் பார்த்தவர். தம் கைக்குச் சங்கேத எழுத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது, அதில் ஜெர்மனியில் இருந்த ஷ்ப்ரெங்கல் என்ற பெண்மணியின் விலாசம் இருந்தது, அந்த அம்மாள் கடிதம் மூலம் சங்கம் நடத்த அதிகாரம் கொடுத்தாள் என்று அவர் சொன்னார். 1900-இல் மேதர்ஸே அந்தக் கடிதங்கள் போலி என்று எழுதிவிட்டார். 1972-இல் எல்லிக் ஹவ் என்ற ஆராய்ச்சியாளர் அவற்றை ஆராய்ந்து, ஜெர்மன் தாய்மொழியாக உள்ள யாரும் எழுதிய கடிதங்கள் அல்ல இவை என்று காட்டினார்.

ஆக, இரண்டு இடத்திலும் பிறப்புப் பத்திரம் பொய். ஸ்பெயினிலும் பொய், லண்டனிலும் பொய். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இல்லை. விமர்சகனுக்கு வேலை இங்கேதான் இருக்கிறது. பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஷிமோன் பார் யோஹாய் எழுதவில்லை என்று தெரிந்த பிறகும் ஸோஹார் நிற்கிறது. அந்த ரிஷியும் சீடர்களும் ரஸ்தாக்களில் நடக்கிறார்கள், சத்திரத்தில் தங்குகிறார்கள், நடுராத்திரி எழுந்து வேதத்தின் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடுகிறார்கள். ஓரிடத்தில் பத்துப் பேர் கூடி மிகப் பெரிய ரகசியங்களைப் பேசுகிறார்கள். பேச்சு முடியும்போது மூன்று பேர் உயிரோடு இல்லை. வேறொரு பகுதியில் குருவே பேசிக்கொண்டிருக்கும்போதே பிராணனை விடுகிறார். எழுதியவர் பெயர் எதுவானாலும் இது இலக்கியம்.

இந்தச் சோதனையை இந்தத் துறையில் வாசகர் கையில் அகப்படுகிற ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் மேதர்ஸ். 1887-இல் அவர் வெளியிட்ட 'கபாலா அன்வெயில்ட்' இன்னும் விற்கிறது. திரை விலக்கப்பட்ட கபாலா என்று தலைப்பு. அராமிக் மூலத்தை ஜெர்மன் பண்டிதர் க்நோர் ஃபான் ரோஸென்ரோத் 1677 முதல் 1684 வரை லத்தீனில் வெளியிட்டார். அந்த லத்தீனை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஸோஹாரின் மூன்று சிறு பகுதிகளை மேதர்ஸ் இங்கிலீஷாக்கினார். கிடைப்பது திரைக்குப் பின்னால் இன்னொரு திரை. அதுவும் ஸோஹாரிலேயே மிகக் கடினமான பகுதிகள். தெய்வ முகத்தின் தாடியைப் பதின்மூன்றாகப் பிரித்து விவரிக்கிறவை. ஆரம்பிக்கிறவர் இதிலே ஆரம்பித்தால் இரண்டாவது நாளே மூடி வைத்துவிடுவார்.

பிரெஞ்சுக்காரர் எலிஃபாஸ் லெவி 1850-களில் எழுதிய 'உயர் மாந்திரீக'ப் புஸ்தகத்தில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு: டாரட் சீட்டுக்கட்டின் இருபத்திரண்டு படச் சீட்டுக்களும் இருபத்திரண்டு ஹீப்ரு எழுத்துக்களும் ஒன்றே. லண்டன்காரர்கள் மரத்தின் பாதைகளில் சீட்டுக்களை ஒட்டியது இதை வைத்துத்தான். டாரட், பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பொழுதுபோக்குக்கு ஆடிய சீட்டாட்டம். எகிப்திய ஞானம் என்கிற கதை 1781-இல் பாரிஸில் அச்சானது. மைக்கேல் டம்மெட் என்ற தத்துவப் பேராசிரியர் 1980-இல் இதை விஸ்தாரமாக எழுதினார். இருபத்திரண்டும் இருபத்திரண்டும் சமம் என்பதைத் தவிர லெவியிடம் வேறு ஆதாரம் இல்லை. பத்திரத்தைக் கிழித்தால் அவரிடம் மிஞ்சுவது ஆடம்பரமான நடைதான்.

சடங்கு மாந்திரீகத்தின் பழைய ஏடுகள் வேறு ஜாதி. மேதர்ஸ் 1889-இல் பதிப்பித்த 'சாலமோனின் திறவுகோல்' சாலமோன் ராஜாவின் பெயரைத் தாங்கி வருகிறது. கிடைக்கிற பிரதிகளோ பெரும்பாலும் சில நூற்றாண்டுகளுக்கு முந்தியவை. அவருடைய சங்கத்தவர்களில் ஒருவராக இருந்து பிற்பாடு பிரிந்த வெயிட், இப்படிப்பட்ட ஏடுகளைக் கண்டனம் செய்வதற்காகவே 1911-இல் சடங்கு மாந்திரீகத்தைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார். பக்கத்துக்குப் பக்கம் ஏளனம். ஆனால் வாங்கினவர்கள் ஏளனத்தைத் தள்ளிவிட்டுச் செய்முறையை மட்டும் சமையல் குறிப்புபோல எடுத்துக்கொண்டார்கள். கண்டிப்பதற்காக முழுசாக எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இந்த வரிசையில் எனக்கு மரியாதை உள்ளது 'அப்ரமேலின்' ஒன்றுதான். ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்கிற சுயசரிதை அது. பல தேசம் சுற்றிப் பல போலி குருக்களிடம் ஏமாந்து, கடைசியில் எகிப்தில் அப்ரமேலின் என்கிற பெரியவரிடம் வருகிறான். அவர் சொல்கிற சாதனையில் பெரும்பகுதி தனிமையும் பிரார்த்தனையும் ஒழுக்கமும்தான். பாரிஸ் நூலகம் ஒன்றில் இருந்த பிரெஞ்சுப் பிரதியை வைத்து மேதர்ஸ் 1898-இல் வெளியிட்டதில் சாதனைக்கு ஆறு மாசம். ஜெர்மன் பிரதிகளில் பதினெட்டு மாசம். ஆறு மாசம் என்று நம்பி ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர். 1899-இல் அலிஸ்டர் குரோலி இதற்கென்றே ஸ்காட்லாந்தில் ஏரிக்கரை வீடு ஒன்றை வாங்கினார். அடுத்த வருஷமே சங்கத்துச் சண்டையில் தலையிடப் புறப்பட்டுப் போய்விட்டார். ஊர்வம்பை விட்டு விலகியிரு என்பதுதான் சாதனையின் முதல் நிபந்தனை. அந்த ஒரு செய்தியிலேயே குரோலியின் குணசித்திரம் முழுக்க இருக்கிறது.

குரோலி நல்ல இங்கிலீஷ் எழுதுவார். ஆனால் அவர் எங்கே சிரிக்கிறார் என்பது தெரியாமல் படிக்கிறவருக்கு அவர் ஆகாது. பலியைப் பற்றிய ஒரு அத்தியாயத்தில் அவர் செய்த சிற்றின்பச் சிலேடையை நிஜம் என்று எடுத்துக்கொண்டு பயந்தவர்கள் உண்டு. அவர் 1909-இல் பெயர் போடாமல் வெளியிட்ட '777' வெறும் அட்டவணை: முப்பத்திரண்டு பாதைகளுக்கும் நேராக நிறம், வாசனை, கல், மிருகம், தேவதை. இதில் எதையும் எதோடும் பொருத்திவிடலாம். எனக்கு இதில்தான் உண்மையான ஆபத்து தெரிகிறது. பேய் பிசாசு வந்து அடிக்கும் என்ற பயம் எனக்கு இல்லை. எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும் என்று பழகிவிட்ட மனசு, இது பொருந்தாது, இது தப்பு என்று சொல்கிற சக்தியை இழந்துவிடும். கதை எழுதுகிறவனுக்கு அது சாவு. கதை படிக்கிறவருக்கும் பெரிய நஷ்டம்.

நம்மவர் ஒருவர் இந்தக் கதைக்குள் வருகிறார். குரோலிக்கு ஆசானாக இருந்த ஆலன் பென்னட், கோல்டன் டான் சங்கத்தவர், 1900 வாக்கில் இலங்கைக்கு வந்தார். கொழும்பில் பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் கற்றார். அப்போது இராமநாதன் சொலிசிட்டர் ஜெனரல். பரானந்தர் என்ற பெயரில் மத்தேயுவின் சுவிசேஷத்துக்குச் சைவ ஞான நோக்கில் உரை எழுதி 1898-இல் லண்டனில் வெளியிட்டவர். 1901-இல் குரோலி வந்து சேர, இருவரும் கண்டியில் தங்கி யோகம் பழகினார்கள். பிற்பாடு குரோலி எழுதிய யோகப் பாடங்களுக்கு வித்து இங்கே விழுந்தது. 'மேற்கத்திய ரகசியம்' என்று விற்கிற புஸ்தகத்தில் ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் பார்த்து நம் வாசகர் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இங்கிருந்து போனது திரும்பி வந்திருக்கிறது.

செய்முறைக்காரர்களில் நான் சிபாரிசு செய்கிறவர் டியான் ஃபார்ச்சூன். 1890-இல் பிறந்து 1946-இல் இறந்த இந்த அம்மாள் நாவலாசிரியையும்கூட. 1935-இல் வந்த 'தி மிஸ்டிக்கல் கபாலா' பத்து நிலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஆறின பாலை டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறது. பழைய ரப்பிகளுக்கு இதில் சில தெரியாமல் இருக்கலாம், இன்று இதைப் பயில்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் விஷயம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். இந்த வகைப் புஸ்தகங்களில் இப்படிப்பட்ட நேர்மை அபூர்வம். முதல் அத்தியாயத்தின் தலைப்பே 'மேற்கின் யோகம்'. கிழக்கத்தியர் மனசு வேறு, மேற்கத்தியர் மனசு வேறு என்று அவர் பிரித்துக் காட்டுவது நமக்கு ஒப்பாது. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரப் பார்வை என்று ஒதுக்கிவிட்டுப் படிக்கலாம். பொய்ப் பத்திரம் எதையும் நம்பி நிற்காததால் இந்தப் புஸ்தகம் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

சடங்குகளை முழுசாகப் பார்க்க விரும்புகிறவர் ரெகார்டியிடம் போக வேண்டும். ஒரு காலத்தில் குரோலியின் காரியதரிசியாக இருந்த இவர், கோல்டன் டான் வழிவந்த சங்கத்தில் ரகசியப் பிரமாணம் எடுத்துக்கொண்டவர். அந்தப் பிரமாணத்தை மீறி 1937 முதல் 1940 வரை நான்கு பாகங்களில் எல்லாச் சடங்குகளையும் அச்சிட்டுவிட்டார். சங்கங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன, அச்சிடாவிட்டால் இது பூண்டற்றுப் போகும் என்பது அவர் வாதம். துரோகமா, உபகாரமா என்று இன்றும் சர்ச்சை செய்கிறார்கள். என்னைக் கேட்டால் உபகாரம்தான். ரகசியமாக இருந்தவரை அது மகத்தானது என்று பயமுறுத்த முடிந்தது. அச்சில் வந்த பிறகு யாரும் எடை போட்டுப் பார்க்கலாம். எடை போட்டால், நல்ல நாடகம். உடை, நிறம், வசனம், பிரவேசம் எல்லாம் கச்சிதமாக அமைந்திருக்கின்றன. ஆனால் பலர் கூடி நடத்துவதற்கென்று எழுதின நாடகத்தை ஒருவர் அறைக்குள் தனியாக, நடிகரும் ரசிகரும் தாமேயாக நடத்தும்போது, போதும் நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் ரெகார்டியை வாங்குகிறவர் எல்லிக் ஹவ் எழுதிய சரித்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று வீட்டைக் காட்டும், மற்றது அஸ்திவாரத்தைக் காட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் படிக்க வேண்டிய புஸ்தகம் ஒரு மாந்திரீகர் எழுதியதல்ல. கெர்ஷோம் ஷோலெம் 1897-இல் பெர்லினில் பிறந்தார். 1923-இல் ஜெருசலேம் போனார். 1982-இல் இறக்கும்வரை இதே வேலை. 1938-இல் நியூயார்க்கில் செய்த பிரசங்கங்களை அடிப்படையாகக் கொண்டு 1941-இல் 'மேஜர் ட்ரெண்ட்ஸ் இன் ஜூயிஷ் மிஸ்டிஸிஸம்' வெளிவந்தது. படித்த யூதர்களே வெட்கப்பட்டு ஒதுக்கிவைத்த சுவடிகளைத் தேடி எடுத்துப் படித்து எழுதினது. லெவியையும் குரோலியையும் இரண்டே வார்த்தையில் தள்ளிவிடுகிறார். ஸோஹாரை எழுதியது மோசே தெ லியோன்தான் என்று மொழி ஆதாரம் காட்டி நிறுவுகிறார். அப்படி நிறுவிய பிறகும் அவர் குரலில் ஸோஹாரின் மீதுள்ள பிரமிப்பு குறையவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரைத் திருத்தியிருக்கிறார்கள். ஒருவர் அல்ல, ஒரு குழுவே ஸோஹாரை எழுதியிருக்க வேண்டும் என்றார் யெஹுதா லீபெஸ். சித்தாந்தத்தையே பார்த்துச் சாதனையை ஷோலெம் கவனிக்காமல் விட்டார் என்று மோஷே இடெல் 1988-இல் எழுதினார். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் ஷோலெமைப் படித்தவருக்குத்தான் அந்தத் திருத்தங்களின் ருசி தெரியும்.

மூலத்தைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவருக்கு டேனியல் மாட் மூலத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்து 1983-இல் வெளியிட்ட ஒற்றை வால்யூம் தேர்வு போதும். முழு ஸோஹாரும் 2004 முதல் 2017 வரை பன்னிரண்டு வால்யூம்களாக வந்திருக்கிறது. முதல் ஒன்பதும் மாட் செய்தவை. அதை வாங்குவது வீட்டில் அலமாரியும் ஆயுளில் அவகாசமும் உள்ளவர் காரியம்.

ஆக வரிசை இது: ஷோலெம், மாட், பிறகு ஃபார்ச்சூன். அதற்குமேல் ஆசை மிஞ்சினால் ரெகார்டியும் ஹவும் சேர்ந்து. மற்றவை பழைய புஸ்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் பார்க்கலாம்.

தெய்வ ரதத்தின் ரகசியத்தை ஒரே ஒரு மாணாக்கனுக்குக்கூடச் சொல்லிக் கொடுக்காதே, அவன் தானாகவே புரிந்துகொள்ளக் கூடியவனாக இருந்தாலொழிய என்று, இரண்டாயிரம் வருஷத்துக்குச் சற்றே குறைந்த பழமையுடைய யூத நூலான மிஷ்னா விதிக்கிறது. புஸ்தகக் கடையில் அப்படி யாரும் பரீட்சை வைத்து அனுப்புவதில்லை. பணம் கொடுத்தால் தருகிறார்கள். அதனால் பரீட்சையை வாசகர் தாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுலபமான பரீட்சை ஒன்று சொல்கிறேன். ஸோஹாரில் ஒரு கழுதைக்காரக் கிழவன் வருகிறான். வழித்துணையாக வந்தவன், வழி முழுக்க அசட்டு விடுகதைகளாகப் போட்டுத் தொந்தரவு செய்துவிட்டான் என்று ஒரு ரப்பி தம் நண்பரிடம் அலுத்துக்கொள்கிறார். நண்பர் அந்தக் கிழவனைக் கூப்பிட்டுப் பேசவைக்கிறார். பேசப் பேச, அங்கே இருக்கிறவர்களில் எல்லாம் பெரியவன் அவன்தான் என்று தெரிகிறது. அந்தப் பகுதியை எங்கேயாவது தேடிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். அது பிடித்திருந்தால் மேலே போகலாம். அது பிடிக்கவில்லை, வட்டமும் கத்தியும் தூபமும்தான் வேண்டும் என்றால், நல்ல நாவல்கள் நிறைய இருக்கின்றன; அவற்றில் அது இதைவிட நன்றாக வந்திருக்கிறது.